நிற்கப் படித்த இரண்டு வருஷம்

பஸ்ஸில் தூங்குவதில் எனக்கு ஈடு யாரும் கிடையாது. காலையில் மரக்காணத்தில் ஏறினால், உப்பளங்கள் முடிவதற்குள் கண் சொக்கிவிடும். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கம்பியைத் தட்டும்போதுதான் விழிப்பேன். வாரத்துக்கு ஆறு நாள், போகவும் வரவும், இரண்டு வருஷம் இப்படி. அந்தப் படிப்பில் நான் ஒரு நாள் விடாமல் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று என்னோடு படித்தவர்கள் சொல்வார்கள். அவர்களிடம் நான் சண்டைக்குப் போனதில்லை.

படித்தது நாடகம். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் நடந்த சின்னப் பள்ளி. மொத்தம் பதினாலு பேர். ஊரில் யாரிடம் சொன்னாலும், சீரியலில் எப்போது வருவாய் என்று கேட்டார்கள். இல்லை, மேடையில் நடிக்கிற படிப்பு என்றால், முகத்தில் ஒரு இரக்கம் வரும். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஆந்திரா பக்கம் இருப்பார். போனில் கேட்டபோது, உங்க அம்மா சரின்னா சரி என்று சொல்லிவிட்டார். அம்மா உப்பளத்தில் சுமை தூக்குகிறவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பஸ் நேரடியாகப் போகுமா, மாற வேண்டுமா? நேரடி பஸ் என்றேன். அப்படித்தான் சேர்ந்தேன்.

புதுச்சேரி என்னை மயக்கிப் போட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கிட்டங்கிக்கு நடக்கிற அரை மணி நேரத்தில் நாலு சங்கீதத்தைக் கடக்க வேண்டியிருக்கும். ஒரு மாடியில் யாரோ வயலினில் ஒரே வரியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் சர்ச்சில் பிள்ளைகள் பாடிப் பழகுகிற சத்தம். வாய்க்கால் பாலத்துக்குக் கீழே ஒரு கூட்டம் பறையைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்க்கும். மஞ்சள் சுவர் வீடு ஒன்றிலிருந்து பியானோ வரும். அந்த வீட்டு ஜன்னல் திறந்து நான் பார்த்ததில்லை, அதனால் அதை வாசிப்பவருக்கு நானே ஒரு முகம் வைத்துக்கொண்டேன். தூக்கம் முழுசாகக் கலையாத கண்ணோடு நடப்பேன். எந்தச் சத்தம் தெருவில் கேட்கிறது, எது எனக்குள் கேட்கிறது என்று சில நாள் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

காலையில் உடம்புப் பயிற்சி. ஒரு மாதம் சிலம்பம், ஒரு மாதம் கூத்து அடவு. சலங்கை கட்டிச் சுற்றினால் எனக்குத் தலை சுற்றும், ஆனாலும் நிறுத்த மனசு வராது. மத்தியானம் சாப்பிட்டதும் எல்லோரையும் தரையில் மல்லாந்து படுக்கச் சொல்லி, உடம்பைத் தளர விடுங்கள், ஒவ்வொரு விரலாக மறந்துவிடுங்கள் என்பார்கள். நான் இரண்டாவது விரலிலேயே தூங்கியிருப்பேன். சாயங்காலம் ஊரில் எங்கேயாவது ஏதாவது நடக்கும். கடற்கரைத் திடலில் கூத்து, ஒரு ஹாலில் கச்சேரி, ஒரு பூங்காவில் பேச்சே இல்லாத நாடகம். எல்லாம் இலவசம். ஆனால் எனக்கு ஏழேகால் பஸ். அதனால் அந்த ஊரில் நூறு நிகழ்ச்சிகளின் ஆரம்பத்தைப் பார்த்திருக்கிறேன், ஒன்றின் முடிவையும் பார்த்ததில்லை. துரியோதனன் தொடை தட்டி நிற்கும்போது எழுந்து ஓடுவேன். மீதியை பஸ்ஸில் தூக்கத்தில் நானே நடத்தி முடித்துக்கொள்வேன். என் துரியோதனன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான்.

எங்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவரை மேடம் என்று கூப்பிடுவோம். நாற்பது வயசு, வெட்டிய தலைமுடி, கையில் எப்போதும் ஆறிப்போன டீ. திட்டுவது இங்கிலீஷில், பாராட்டுவது தமிழில். அதனால் முதல் ஒன்றரை வருஷம் அவர் பேசிய தமிழ் எனக்கு அதிகம் பழக்கமில்லை. எல்லா நாடகத்திலும் நான் கூட்டத்தில் ஒருத்தி. ஒன்றில் அலை, ஒன்றில் மரம், ஒன்றில் ஊர் ஜனம். மரமாக நின்றபோது நன்றாக இருந்ததாக ஒருத்தர் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் நிற்க வேண்டும், ஒரு தடவையாவது நடுவில் நிற்க வேண்டும் என்று ஒரு வெறி. வெளியில் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம், சிரித்தால் அடித்துவிடுவேன் என்று அதைவிடப் பயம்.

கடைசி நாடகத்துக்கு, நாங்களே ஒரு கதை செய்தோம். ராஜாவின் பல்லக்கு ஒரு ஊர் வழியாக வருகிறது. ஒரு பெண் நடு வழியில் நிற்கிறாள், நகர மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கடைசி வரை சொல்வதில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்து கெஞ்சுகிறார்கள், மந்திரி மிரட்டுகிறான், பெண்கள் சுற்றிவந்து பாடுகிறார்கள். அவளுக்கு மொத்த நாடகத்திலும் ஒரே வசனம்: "இது நான் நிக்கிற இடம்." மூன்று தடவை அதைச் சொல்வாள். மூன்றாவது தடவை பல்லக்கு திரும்பிப் போகும்.

அந்த வேஷம் முத்தியால்பேட்டையிலிருந்து வரும் பெண்ணுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். ஐந்து வயசிலிருந்து பரதம் ஆடுகிறவள். கண்ணை உருட்டினால் கடைசி வரிசைக்குத் தெரியும். எனக்கு நல்ல தோழியும்கூட, தினம் அவள் டப்பாவில் பாதி என் வயிற்றில்தான். ஆனால் மேடம் என்னைக் கை காட்டினார். தமிழில் சொன்னார்.

"அவளுக்கு ஆடத் தெரியும். உனக்கு சும்மா இருக்கத் தெரியும். இதுக்கு நீதான்."

அன்றைக்கு ஏழேகால் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். நாடகத்திலேயே பெரிய வேஷம், நடுவில் நான், என்னைச் சுற்றித்தான் எல்லாம் என்று. அதில் உனக்கு என்ன வேலை என்று அம்மா கரண்டியைப் பிடித்தபடி கேட்டாள். நிற்க வேண்டும் என்றேன்.

"நின்னா போதுமா?"

"ஆமா."

"அதுக்காடி ரெண்டு வருசம் படிச்ச?"

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் ரசம் தரையில் சிந்தியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்து நாள், வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், இன்னைக்கு நல்லா நின்னியா என்று கேட்பாள். நல்லா நின்னேன் என்பேன். உண்மையாகவே நின்றேன். பல்லக்கு இன்னும் வரவில்லை, நாலு பேர் வெறும் தோளில் இருப்பதுபோல் பாவனை செய்து நடந்து வருவார்கள். நான் அசையாமல் நிற்பேன். மேடம் இரண்டு தடவை தமிழில் பேசினார்.

பல்லக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. தச்சரிடம் சொல்லிச் செய்த நிஜப் பல்லக்கு. தேக்குக் கம்பு, மரப் பலகை, உள்ளே எங்கள் வகுப்பிலேயே கனமானவன் ராஜாவாக உட்கார்ந்திருந்தான். நாலு பேர் தூக்கியபோது கம்பு முனகியது. அவர்கள் என்னை நோக்கி வந்தார்கள். முன்னால் வந்தவனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் வாயால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் பல்லக்கு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் மேடையின் ஓரத்தில், உடம்பை ஒருக்களித்து, ஒரு காலைக் கீழே இறக்கி நின்றுகொண்டிருந்தேன். வாய் மட்டும், "இது நான் நிக்கிற இடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கிட்டங்கி முழுக்கச் சிரிப்பு. எங்கே போனாய் என்று மேடம் கேட்டார். வழி விட்டேன் என்றேன். ஏன் என்றார். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சுமையோடு வருகிறார்கள், வேறு என்ன செய்வது?

எங்கள் உப்பளத்தில் வரப்பு ஒரு முழ அகலம் இருந்தால் அதிகம். பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்பில் குவிப்பார்கள். அதைக் கூடையில் அள்ளி, சும்மாடு வைத்த தலையில் ஏற்றி, சாலையோரம் இருக்கும் உப்பு அம்பாரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரிசையாகப் போவார்கள். சுமையோடு வருகிறவள் நிற்கக் கூடாது. நின்றால் கழுத்து தாங்காது, பின்னால் வருகிறவள் இடித்துவிடுவாள். அதனால் வெறுங்கையோடு எதிரில் வருகிறவள்தான் வரப்பின் சரிவில் ஒரு காலை இறக்கி, உடம்பைத் திருப்பி, வழி விட வேண்டும். மேஸ்திரியே எதிரில் வந்தாலும் அவர்தான் இறங்குவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அம்மாவுக்கு டீ கொண்டுபோன வயசிலிருந்து, பிறகு லீவு நாளில் நானே கூடை தூக்கிய நாள் வரை, பாரம் தாங்குகிற மூச்சு எதிரில் கேட்டால் என் கால் விலகும். என்னைக் கேட்டுக்கொண்டு விலகாது.

மேடமுக்கு இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ரொம்ப அழகாக இருக்கிறது, ஆனால் இந்த நாடகத்தில் அதற்கு இடமில்லை என்றார். மறுபடி செய்தோம். மறுபடி விலகினேன். ஏழு தடவை. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு அதற்குள் நிற்கச் சொன்னார்கள். வட்டத்தை விட்டு விலகினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கண்ணை மூடினால் மூச்சு இன்னும் நன்றாகக் கேட்டது. முத்தியால்பேட்டைக்காரி என் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவளையும் இழுத்துக்கொண்டு விலகினேன். பல்லக்குத் தூக்கிகள் நாலு பேருக்கும் இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. டீக்கடைச் சந்தில் தண்ணி கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருத்தன் எதிரில் வருவான், நான் சாக்கடை ஓரத்துக்குப் போய்விடுவேன், மற்ற மூன்று பேரும் கை தட்டுவார்கள். நான் டீ கிளாஸை ஒருவன் மேல் வீசினேன். நல்லவேளை, காலி கிளாஸ்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டீயைக் கீழே வைத்தார்.

"வாய் 'மாட்டேன்'ங்குது, கால் 'வாங்க, போங்க'ங்குது. ஆடியன்ஸ் காலைத்தான் நம்புவாங்க. மண்டே வரைக்கும் பாக்கிறேன். இல்லன்னா அவளை நிக்க வைக்கணும். ஸாரி."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தப்பட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. தோழி அதற்குள் அந்த வசனத்தைத் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவள் தப்பில்லை, யாராவது தயாராக இருக்கத்தானே வேண்டும். ஆனால் அவள் நீட்டிய டப்பாவை அன்றைக்கு நான் வாங்கவில்லை. கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். தூரத்தில் போலீஸ் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. அலை, மரம், ஊர் ஜனம் என்று விரல் விட்டு எண்ணினேன். மறுபடியும் அங்கேயே போய்ச் சேரப் போகிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன்.

அம்மா, இன்னைக்கு நல்லா நின்னியா என்று கேட்டபோது, இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பல்லக்கு, மூச்சு, திங்கட்கிழமை எல்லாம். கேட்டு முடித்ததும் அவள், சுமை வந்தா ஒதுங்காம வேற என்னா பண்ணுவாங்க என்றாள். அதைத்தான் நானும் சொன்னேன் என்றேன். சனிக்கிழமையும் பல்லக்கு வந்தது, நான் விலகினேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. கால் எங்கே இந்தப் பழக்கத்தைப் பிடித்ததோ, அங்கேயே போய் அதைத் தொலைக்க வேண்டும் என்று நினைத்தேன். வரப்பில் நின்று, சுமை எதிரில் வர, ஒரே ஒரு தடவை விலகாமல் இருந்துவிட்டால், பிறகு பல்லக்கெல்லாம் எம்மாத்திரம்? அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விளக்குமாற்றை எடுப்பாள்.

பங்குனி வெயில். ஏழரை மணிக்கே உப்பளம் கண்ணைக் கூச வைத்தது. பாத்திகளில் உப்பு விளைந்து, தண்ணீர் மேல் பால் ஏடு மாதிரி மெல்லிசாகப் படிந்திருந்தது. எங்கே தரை முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாது. ஆட்கள் நடப்பது வெளிச்சத்துக்குள் நடப்பது போலத்தான் இருக்கும். நான் பாதித் தூக்கத்தில், நடு வரப்பில் போய் நின்றேன். தூரத்தில் பெண்கள் வரிசை கிளம்பியது. முதலில் வருகிறவள் யார் என்று கண் கூச்சத்தில் தெரியவில்லை. தலையில் கூடை, ஆடுகிற கை, அவ்வளவுதான் தெரிந்தது. எந்த அவசரமும் இல்லாமல், கனவில் வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வந்தபோதுதான் பார்த்தேன். அம்மா.

அவள் நிற்க முடியாது. பின்னால் ஐந்து பேர். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள். மூச்சு கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நிற்கிறேன், நிற்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

அம்மா இறங்கினாள். கூடையோடு, வரப்பின் சரிவில் கால் வைத்தாள். பாரத்தோடு இறங்குகிறவளைச் சரிவு தாங்காது. ஈர மண் வழுக்கியது. அடுத்த காலை நேராக விளைந்த பாத்திக்குள் வைத்தாள். ஏடு உடைந்தது. கணுக்கால் வரை உப்புத் தண்ணீர். கூடை சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றி, பாத்திக்குள் மூன்று எட்டு வைத்து, அந்தப் பக்கம் வரப்பில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தாள். பின்னால் வந்தவர்கள் குழம்பி நிற்க, கூடைகள் இடித்துக்கொண்டன. நான் அலறியடித்துக்கொண்டு சரிவில் இறங்கி அவர்களுக்கு வழி விட்டேன்.

மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டு வந்தார். "ஏம்மா, கண்ணு தெரியலயா உனக்கு? இத்தினி வருசமா வேலை செய்யற, விளைஞ்ச பாத்தியில காலு வெக்கிற?" அத்தனை பேருக்கும் எதிரில் கேட்டார். அம்மா அந்த உப்பளத்தில் பேச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தவள், கால் தடுக்கிடுச்சிங்க என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று தலையை ஆட்டினாள். போனேன். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து, வெடித்த குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. எண்ணெயை வாங்கி நானே தடவிவிட்டேன். சுமையோடு வந்த அம்மாவை வெறுங்கையோடு நின்று இறக்கிவிட்டேன். என்னைவிடக் கேவலமான ஜென்மம் மரக்காணம் தாலுகாவில் இல்லை என்று நினைத்தேன். இவ்வளவு செய்த பிறகு நாளைக்கு விலகினால் அதைவிடக் கேவலம் என்றும் நினைத்தேன்.

திங்கட்கிழமை பல்லக்கு வந்தது. கம்பு முனகியது, மூச்சு கேட்டது. என் கால் தரையில் இருந்தது. முதல் ஆள் என் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றான். "இது நான் நிக்கிற இடம்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. கிட்டங்கியில் யாரும் சிரிக்கவில்லை. மேடம் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார், அது ஆறியிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. தோழி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு துளி ஏமாற்றம் இருந்தது. அதையும் பார்த்தேன். இருந்தாலும் அவள் பிடி நிஜமானது.

நாடகம் அந்த சனிக்கிழமை, கிட்டங்கி முற்றத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு. அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவை. முதல் வரிசைப் பாயில், நாற்காலி வேண்டாம் என்று சொல்லி, ஓரமாக உட்கார்ந்தாள். வேப்பமர நிழல் மேடைக்கு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பாட்டு ஆரம்பித்தது. பெண்கள் என்னைச் சுற்றினார்கள். சலங்கைச் சத்தம், உடுக்கை, எங்கேயோ தெருவில் அந்தப் பியானோ. எல்லாம் சேர்ந்து என்னைத் தண்ணீருக்குள் வைத்த மாதிரி இருந்தது. பல்லக்கு அம்மா உட்கார்ந்திருந்த பக்கமாகத்தான் உள்ளே வந்தது. ஓரக்கண்ணில் பார்த்தேன். பார்க்க வந்தவள், பாயில் உட்கார்ந்திருப்பவள், பல்லக்கு அவள் பாய் வரைக்கும் வராது. ஆனாலும் புடவையைச் சுருட்டிக்கொண்டு, காலை மடக்கி, அவர்களுக்காக ஒதுங்கினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. கால் அசையவில்லை. மூன்றாவது தடவை வசனத்தைச் சொன்னேன். பல்லக்கு திரும்பிப் போனது. ஜனம் கை தட்டியது. மேடம் வந்து என் தோளைப் பிடித்து, "நின்னுட்ட" என்று மட்டும் சொன்னார். நான் இன்றைக்கு வரை வாங்கியதில் பெரிய பாராட்டு அதுதான்.

ஐந்தே முக்கால் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். நாடகம் எப்படி என்று கேட்கவில்லை. அவளே சொல்லட்டும் என்று இருந்தேன். பாட்டு பாடிய பெண்ணுக்கு நல்ல குரல் என்றாள். ராஜாவுக்கு இன்னும் கொஞ்சம் ஒல்லியான ஆளாகப் பார்த்திருக்கலாம், தூக்கறவங்க பாவம் என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெயில் சாய்ந்து, சாலை முழுக்க மஞ்சளாக இருந்தது. உப்பளங்கள் வர ஆரம்பித்தன. தண்ணீரில் வானம் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"அன்னிக்கு நான் எறங்காம நேரா வந்திருந்தா, நீ என்னா பண்ணி இருப்ப?"

ஆறு நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். நின்றிருப்பேன் என்று சொன்னால், அம்மாவைத் தள்ளிவிட்டிருப்பேன் என்று அர்த்தம். ஆனால் அதுதான் உண்மை என்று நினைத்தேன்.

"நின்னுட்டுத்தான் இருந்திருப்பேம்மா. தப்புதான்."

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"உன் குதிகாலு எழும்பிடுச்சி. நான் பாத்தேன். இன்னும் ஒரு எட்டு வெச்சிருந்தா நீ எறங்கி இருப்ப. அதான் நீ நிக்கட்டும்னு நான் முந்திக்கினு எறங்கிட்டேன்."

நான் எவ்வளவு யோசித்தும் என் குதிகால் எழும்பியது நினைவுக்கு வரவில்லை. அதுவரைக்கும் அன்றைக்கு வரப்பில் நின்றது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.